முடிச்சு

ஒட்டுசுட்டான் வாசிகசாலையில் தூசு தட்டும்போது
அட்டை கழன்ற புத்தகமொன்றில் அவனைக் கண்டேன்.
ஸ்பெயின் தேசத்து வீரன்.
ஒருநாள் சிலுவைக்காரருக்கு, மறுநாள் பிறைக்காரருக்கு
வாள் தூக்கியவன்.
பிறகு வந்த பாட்டுகள்
அந்த மறுநாளை மென்று விழுங்கிவிட்டன.

செத்தும் வென்றானாம்.
பிணத்தைச் சேணத்தில் நிமிர்த்திக் கட்டி
கோட்டைக் கதவைத் திறந்துவிட,
முற்றுகையிட்டவர்கள் கடல்வரை ஓடினார்களாம்.

கட்டியது பெண்சாதியா? எழுதவில்லை.
என்ன முடிச்சு? அதுவுமில்லை.

எனக்குத் தெரியும்.
இடுப்பில் ஒரு சுற்று,
கமக்கட்டுக்குள்ளால் எடுத்து நெஞ்சில் குறுக்காக இரண்டு.
தலைதான் நிற்காது.
தலைக்குச் சீலைக் கிழிசல் வேண்டும்.

எங்களிடம் குதிரை இருக்கவில்லை.
லுமாலா சைக்கிள், பின்சில்லில் காற்றில்லை,
மாட்டுக்கயிறு.
"அப்பா நித்திரையோ?" என்று கேட்டுக் கேட்டு
நிறைமதி கரியரைப் பிடித்தபடி வந்தாள்.
ஓமென்றேன்.

அவரைக் கண்டு ஒரு படையும் ஓடவில்லை.
இரணைப்பாலைச் சந்தியில் படுத்திருந்த நாய்
எழும்பி வழிவிட்டது.

குதிரையிலிருந்து அவனை யார் இறக்கினார்கள்?
தேடினேன்.
அந்தப் பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது.

நான் இறுக்கித்தான் கட்டியிருந்தேன்.
அவிழ்க்க நேரம் தரவில்லை.
கயிறோடுதான் வைத்தோம்.