இரவு எட்டுக்கு உச்சி

இரண்டடித் தொட்டி. அதன் தலைக்கு மேல்
இருபத்துநாலு வாட் குழல் இரண்டு,
ஒன்று வெள்ளை, ஒன்று நீலம்.
பொருத்தியே விற்கிறார்கள்.
விலையைக் கேட்டுவிட்டு
சிம் லிம் டவரில் உதிரி உதிரியாக வாங்கினேன்.
பாலாஸ்ட் ஒன்று போதும் என்றார் கடைக்கார கோ.
இரண்டு வேண்டும்,
வெள்ளை அணைந்த பிறகும் நீலம் எரிய வேண்டும்.
"மீனுக்கா?"
"மீனுக்கில்லை, பவளத்துக்கு."
மோதிரத்தில் பதிப்பதை நினைத்திருப்பார்.
ஒன்றும் சொல்லாமல் சில்லறை எண்ணித் தந்தார்.

ஒளியைத் திருப்பித் தரும் தகடு, மைலோ டின்.
வெட்டி நிமிர்த்தி, பச்சைப் பக்கம் மறைய
பிளாஸ்டிக் கூரைக்குள் திருகினேன்.
விளிம்பு கட்டைவிரலைக் கிழித்தது.
உப்புத்தண்ணீரில் அந்த விரல்
ஒரு வாரம் என்னைத் திட்டியது.

பாலாஸ்ட்டின் முதுகில் ஒட்டிய படம்
எம்ஆர்டி வரைபடத்தின் குட்டித் தம்பி.
சிவப்பு இரண்டும் இந்த முனைக்கு,
நீலம் இரண்டும் அந்த முனைக்கு.
சுவரிலிருந்து வரும் நீலத்துக்கோ வேறு பொருள்.
தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை
அதைப் பிரித்தறிந்துகொண்டிருந்தேன்.
பழுப்பில் மின்சாரம் வரும், நீலத்தில் திரும்பிப் போகும்.
பச்சைமஞ்சள் சும்மா இருக்கும்.
சும்மா இருப்பதுதான் அதன் உத்தியோகம்.
அதை டின்னோடு இறுக்கிக் கட்டினேன்.
ப்ளக்கை எட்டும் முன் கம்பி சற்றுத் தொய்யட்டும்,
வழிந்து வரும் சொட்டு
தொய்வில் தொங்கித் தரையில் விழட்டும்.

மூன்று நாள் எரிந்தது.
நாலாம் நாள் எனக்கு ஓய்வு. பகல் பதினொன்று,
சோதித்துப் பார்க்கலாமென்று போட்டேன்.
டப்.
ஃபேன் நின்றது. ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி அடங்கியது.
இரவு ஷிப்ட் முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்த
செங்குட்டுவன்
கைலியை இறுக்கியபடி வந்து நின்றார்.
"உன் கடலா?"
"என் கடல்தான்."
மெயின் சுவிட்சைத் தூக்கினேன். மறுபடி டப்.

ப்ளக்கைப் பிடுங்கி, ரப்பர் மூடியைக் கழற்றினால்
உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கிறது உப்பு.
குமிழி வெடித்துத் தெறித்துத் தெறித்து
விளிம்பேறி, குழலின் ஊசியைத் தொட்டு
டின்வரைக்கும் பாலம் போட்டிருக்கிறது.
சும்மா இருந்த கம்பிக்கு வேலை வந்துவிட்டது.
அது இல்லாதிருந்தால்
நண்டுக்குத் தீனி போடப் போகிற என் கை
அந்த வேலையைப் பார்த்திருக்கும்.
அவரிடம் அதைச் சொல்லவில்லை.
"ஈரம்" என்றேன்.
தலைமுடி உலர்த்தும் மெஷினை எடுத்து வந்து
அவரே ஊதினார், தூக்கக் கண்ணோடு,
ஒவ்வொரு முனையாக.

கடலில் மண் கொட்டி நிலமாக்கிய ஊர்.
நான் ஏழாம் மாடியில் குழாய்த்தண்ணீரில்
உப்புக் கொட்டிக் கடலாக்குகிறேன்,
பன்னிரண்டு லிட்டருக்கு நானூற்றிருபது கிராம்.
இந்தக் கணக்கு எங்கேயும் நேராகப் போவதில்லை.
வாளி கனக்கிறது, அவ்வளவுதான்.

நான் வீடு திரும்ப ஏழு. அவர் கிளம்பப் பத்து.
டைமரின் பல்லை நகர்த்தி வைத்தேன்.
எங்கள் சூரியன் மாலை மூன்றுக்கு உதிக்கும்,
எட்டு வாக்கில் உச்சி,
பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெள்ளை அணையும்.

அணைந்தது.
நீலம் மட்டும் எரிகிறது.
பகலெல்லாம் ஊறிய தேயிலைச் சக்கையாய்க் கிடந்தது
பச்சையாய்ப் பற்றிக்கொள்கிறது,
விளிம்பில் ஆரஞ்சு.
பவளவாய் என்று பாடியவர் எவரும்
பவளத்தின் வாயைப் பார்த்திருக்க மாட்டார்கள்.
சிவப்பில்லை அது. தட்டின் நடுவில் ஒரு கீறல்,
கடுகளவு.
இறால் துணுக்கு ஒன்றைக் குச்சியில் நீட்டினேன்.
யோசித்தது. திறந்தது.

ஒரு காலில் ஷூவும்
மறுகாலில் வெறும் சாக்ஸுமாக
செங்குட்டுவன் குனிந்து பார்க்கிறார்.
"மேலே இருக்கிறது மைலோ டின் என்று
இதுக்குத் தெரியுமா?"

"உங்க பஸ் போயிடும்" என்றேன்.