அப்படியேதான்

மாண்டெவிடியோவில் அக்டோபர்.
சாலையோர மரங்கள் உதிர்க்கிற தூசு தொண்டையில் இறங்கி
எங்கள் மூவரில் ஒருவர்
எப்போதும் இருமிக்கொண்டிருப்போம்.
ஆவண அறையில் ஒரே மேசை.
ஹிமேனா சட்டம், லியாந்த்ரோ அரசியல், நான் வரலாறு.
மாத்தே குடிக்க வெளிப்படிக்கட்டுக்குத்தான் போக வேண்டும்.
ஃபிளாஸ்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு
அங்கே ஒருவர் துறையை ஒருவர் கேலி செய்வோம்.

என் பங்குக்கு வந்தவை
இருநூற்றுப் பன்னிரண்டு மணவிலக்குக் கட்டுகள்.
நூறு வருடத்துத் தூசு, இது வேறு இருமல்.
மனைவி கேட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டாம்
என்றொரு சட்டம் இங்கே அன்றைக்கே வந்துவிட்டது.
ஆனால் நீதிபதி முன் திரும்பத் திரும்ப வர வேண்டும்.
நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி,
மனம் மாறட்டும் என்று கருணையோடு.
யார் மேல் கருணை என்று எழுதியிருக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி:
"இன்னும் அப்படியேதானா?"
ஒவ்வொரு முறையும் ஒரே பதில்:
"அப்படியேதான்."
தேதி. முத்திரை. எழுத்தரின் வால் நீண்ட கையொப்பம்.
அவ்வளவுதான்.

என் ஆய்வுத் தலைப்போ,
'அவர்கள் ஏன் பிரிந்தார்கள்'.
ஒப்புதல் வாங்கும்வரை
ஒரு கட்டைக்கூட நான் அவிழ்த்துப் பார்த்திருக்கவில்லை.

துருவினேன்.
மருத்துவமனைப் பதிவேடு, அடகுச் சீட்டு, காவல் நிலையக் குறிப்பு.
ஒருவனுக்குக் குதிரைப் பந்தயத்தில் கடன்.
ஒருவனுக்கு ஆற்றின் அக்கரையில் இன்னொரு வீடு.
ஒருவன் மேல் ஒன்றுமே இல்லை,
சங்கத்துச் சந்தாகூட மாதம் தவறாமல் கட்டியிருக்கிறான்.
அவன் மனைவிதான்
எல்லா விசாரணைக்கும் நேரத்துக்கு முன்பே வந்து
உட்கார்ந்திருந்தவள்.

"சட்டம் ஏன் வந்தது என்று கேள், சொல்கிறேன்,"
என்றான் லியாந்த்ரோ.
"ஆண்கள் அவையில் முந்நூறு பக்கம் பேசியிருக்கிறார்கள்."
ஹிமேனா சிரித்து, இருமி, சிரித்தாள்.

கடைசி முறை வராதவர்கள் அறுபத்தொரு பேர்.
மனம் மாறியதா, மாற்றினார்களா,
டிராமுக்குக் காசில்லையா, செத்தே போனாளா,
எழுத்தர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்:
வரவில்லை.

எண்பத்தெட்டாம் கட்டு, எதெல்வினா பெர்காரா.
பாசோ மோலினோ, துணி வெளுப்பவள்.
முதல் விசாரணையில்,
'எழுதத் தெரியாது என்கிறாள்,
அவள் வேண்டுகோளின் பேரில் இன்னார் ஒப்பமிடுகிறார்.'
இரண்டாவதிலும் அதே இன்னார்.
மூன்றாவதில் இன்னார் இல்லை.
மை தேங்கிய ஒரு பெரிய எ.
கோட்டை விட்டு இறங்கி, ஏறி, மீண்டும் இறங்கி
தாளின் விளிம்பில் முட்டி
கடைசி எழுத்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது.

கத்திவிட்டேன் போல. காவலர் எட்டிப் பார்த்தார்.
"ஒரு கையெழுத்து ஆதாரமாகாது,
பக்கத்தில் நின்ற யாராவது கை பிடித்து எழுதியிருக்கலாம்,"
என்றான் லியாந்த்ரோ.
இருக்கலாம்.
ஏன் பிரிந்தாள் என்பதை அதுவும் சொல்லவில்லைதான்.
அந்த மாதங்களை வைத்து என்ன செய்தாள் என்பதை
லேசாகச் சொல்லிவிட்டது.

அன்று மாலை
என் கால நீட்டிப்பு விண்ணப்பத்திலும்
காரணம் கேட்டிருந்தார்கள்.
நான்கு வரி எழுதினேன். மூன்று பொய்.

இரவு அட்டவணையைத் திறந்தால்
'காரணம்' என்ற பத்தி நெடுக வெறுமை.
காலியாக விட்டால் மென்பொருள் சிவப்பாகிறது.
'தெரியவில்லை' என்று அடித்துக்கொண்டே போனேன், எண்பத்தேழு வரை.
விரல் நின்றது.
தெரியவில்லை என்பது என் குறை.
அதை அவர்கள் பெயருக்கு நேரே ஏன் எழுதுகிறேன்?
ஹிமேனாவுக்குப் போன் செய்தேன், தூக்கக் கலக்கத்தில்
"சட்டம் கேட்கவே இல்லையே" என்றாள்,
நன்றி சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.
கேட்கப்படவில்லை.
கேட்கப்படவில்லை.
கேட்கப்படவில்லை.
தலைப்பை மாற்றினால் குழு விளக்கம் கேட்கும்.
கேட்கட்டும்.