முப்பது நாளும் பௌர்ணமி

மண்டபத்தில் நண்டு உடைக்கிற கம்பெனியில்
கொண்டி போட்ட கதவு உண்டு, ஜன்னல் இல்லை.
எண்பத்திரண்டு டியூப்லைட்.
எண்ணினது நான்தான்,
முதல் வாரம் தலை விண்விண்ணென்று தெறித்தபோது.
மேல பாக்காதடி என்றாள் எமல்டா.
அதற்குள் எண்ணி முடித்திருந்தேன்.

வெள்ளைச் சுவர், வெள்ளைத் தொப்பி,
எவர்சில்வர் மேசை, தட்டில் குவிந்த வெள்ளைச் சதை.
கண் போய் உட்கார ஒரு நிழல் கிடையாது.
என் கைக்கு அடியில்கூட விழாதபடி
நாலு பக்கமும் மாட்டியிருக்கிறார்கள்.
ஒரு துணுக்கு ஓடு தப்பினாலும்
கப்பல் ஏறின டப்பா திரும்பி வருமாம்.

கடைசி மேசையில் நீல லைட்.
அதன் கீழே ஓட்டுத்துணுக்கு மட்டும்
பூச்சி மாதிரி மினுங்கும்.
ஒருத்தி இரண்டு மணி நேரம்தான் நிற்கலாமென்று
சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது.
நூர்நிஷா நாலு மணி நேரம் நிற்பாள்.
கண்ணு பழகிருச்சுக்கா என்பாள்,
வீட்டில் உப்பையும் சீனியையும்
நக்கிப் பார்த்துப் பிரிக்கிறவள்.

இரவு இரண்டுக்கு வேன்.
பாலத்து விளக்குகள் பாதி எரியாது.
இருட்டு ஈரத்துணி மாதிரி நெற்றியில் விழும்.
இருபது பேரும் பேச மாட்டோம்.
அந்த இரண்டு கிலோமீட்டர்தான்
எங்களுக்கு ராத்திரி.

படுத்தால் இமைக்குள்ளே டியூப் எரிகிறது.
அதற்கு எங்கே சுவிட்ச்?
சுருபத்துக்கு முன்னால் இருந்த
சின்னச் சிவப்பு பல்பைக்கூட ஒருநாள் கழற்றினேன்.
மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்,
அவளுக்கும் தூக்கம் வேண்டாமா?

உச்சிப்புளி டாக்டர் சொட்டுமருந்து எழுதினார்.
பகல்ல தூங்குங்க, ரூமை இருட்டாக்கிக்கங்க.
ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஆணி ஓட்டை பதினொன்று.
பதினொரு சூரியன் தரையில் நகர்வதைப்
பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன்.

போன பௌர்ணமிக்கு மறுநாள்
என் வீட்டுக்காரர் கொண்டுவந்த நண்டை
கம்பெனி வாசலில் ஏஜெண்டு எடுத்துப் பார்த்தார்.
முதுகில் விரலால் தட்டினார். டொக்.
அடிவயிற்றை அமுக்கினார், பள்ளம் விழுந்தது.
நிலாக்கால நண்டு, உள்ள வெறும் தண்ணி,
கிலோவுக்கு நூறு குறையும்.

வீட்டுக்காரர் எதிர்த்துப் பேசவில்லை.
வலைக்காரனுக்குத் தெரிந்த கணக்குதான்:
வெளிச்சம் கூடினால் நண்டு இரைக்கு வெளியே வராது,
பதுங்கிக் கிடந்தே மெலியும்,
அமாவாசைக்குத்தான் சதை பிடிக்கும்.
உண்மையோ பொய்யோ,
விலை அப்படித்தான்.

அன்று ராத்திரி தட்டுக்கு முன்னால் நின்றபோது
அந்த டொக் காதிலேயே இருந்தது.
இந்த ஹாலில் முப்பது நாளும் பௌர்ணமி.
எங்கள் முதுகில் தட்டிப் பார்க்க
இதுவரை யாரும் வந்ததில்லை.

பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமியது, இருமியது, நின்றுவிட்டது.
ஒருத்தியும் கத்தவில்லை.
சூப்பர்வைசர் செல்போனைத் தடவும் சத்தம்.
டார்ச்சு வேணாம் சார் என்றது ஒரு குரல்.
யாருடையதென்று இன்றுவரை தெரியாது.
அவரும் போடவில்லை.

கூலர் நின்ற பிறகு கடல் கேட்டது.
மூன்று வருஷமாக வருகிறேன்,
இவ்வளவு பக்கத்திலா இருந்தது?
எவர்சில்வரில் தலை சாயும் சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று.
என் கையில் ஒரு நண்டுக்கால்.
விரல் தானாக மூட்டைக் கண்டுபிடித்தது,
ஒடித்தது, சதையை முழுசாக உருவியது.
நாக்கில் வைத்துப் பார்த்தேன், திருட்டுதான்.
ஓடு இல்லை.

ஒன்பது நிமிஷம்.
டியூப்கள் படபடத்து எழுந்தன,
அறுபத்தேழாவது மட்டும் எழவில்லை.
அதற்குக் கீழே மேசையில்
ஒரு முழம் மங்கல்.
எலக்ட்ரீசியன் நாளைக்கு வருவாரென்றார்கள்.
எட்டு நாள் ஆயிற்று.
யாரும் ஞாபகப்படுத்தவில்லை.
ஆளுக்கு அரைமணி என்று
அந்த இடத்துக்கு முறை வைத்திருக்கிறோம்.

இப்போது நூர்நிஷா நிற்கிறாள்.