நூற்று நாற்பத்தொன்பது

ஹெப்பால் ஏரிக்கரை, மேம்பாலத் தூணடி.
கிள்ளிய இடத்தில் பால் துளிர்த்தது.
ஸ்கூட்டரை நிறுத்தி ஒருவர் கேட்டார்:
"எக்கத ஹூவா? பூஜெகா?"
ஆமென்றேன். அது சுலபமாக இருந்தது.

பதினோரு நாள் நிழலில் காய்ந்து
மெத்தனாலில் ஊறி
குழாய்வழியே பச்சை இறங்கியது,
பிறகு மஞ்சள், பிறகு நிறமே இல்லாமல்.
ஆறாவது குப்பியில் இருந்தது அது.
அகார் தட்டில் கிருமிப் படலத்தின் நடுவே
தெளிந்த ஒரு வட்டம்.
பதினெட்டு மில்லிமீட்டர்.
அளவுகோலை மூன்று முறை வைத்துப் பார்த்தேன்.
அன்று யஷ்வந்த்பூர் வரை
பேருந்து வந்தும் ஏறாமல் நடந்தேன்.

நிறைமாலை அறையில் ரேவணசித்தப்பா
திரையை என் பக்கம் திருப்பினார்.
நூற்று நாற்பத்தொன்பதில்
கொடிமரம்போல் ஒற்றைக் கோடு.
"பிளாஸ்டிக்மா. தாலேட்.
ட்யூப்ல இருந்து வந்திருக்கும்,
எல்லாருக்கும் வர்றதுதான்."

கண்ணாடிப் பாத்திரங்கள் மட்டும்,
காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த புது இலை,
முதலிலிருந்து எல்லாம்.
வெறும் கரைப்பானை ஓட்டினேன்: ஒன்றுமில்லை.
இலைச்சாற்றை ஓட்டினேன்:
அதே இடத்தில் அதே கொடிமரம்.

ட்யூப் இல்லை, ரேவணசித்தப்பா.
வேர்.
பால் கவர், குர்குரே உறை,
பிள்ளையாரோடு கரைத்த ஜிகினாத்தாள்,
ஏரி ஊறவைத்ததையெல்லாம்
உறிஞ்சி வைத்திருக்கிறது எருக்கு.
என் வட்டத்துக்குள் செத்த கிருமிகளுக்கு
எது கொன்றதென்று தெரியாது.

பதிவேட்டில் 'மூலம்' என்ற கட்டத்தில்
செடியின் லத்தீன் பெயரை அடித்துவிட்டு
ஹெப்பால் என்று எழுதினேன்.

கைடு இன்னும் கையெழுத்துப் போடவில்லை.