தெலிசி, இரவு 8:15

அட்டையை மேசைமேல் வைத்து
இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார்.
நனைந்த குடை. சவரம் செய்யாத கன்னம்.
"மனைவியுடையது. மீதி எவ்வளவு, பாருங்கள்."

மூன்று லாரி, நாற்பது தெத்ரி.
சொன்னேன்.
போகவில்லை.

"எங்கெல்லாம் போயிருக்கிறது?"

அட்டை எங்கும் போவதில்லை ஐயா,
என்று வாய்வரை வந்தது.
"நான்தான் பணம் போடுகிறேன்," என்றார்,
நான் எதுவும் கேட்காமலே.

சம்கோரி மெட்ரோ, மூன்றாம் சாளரம்,
ஒன்பது வருடம்.
விதி எனக்கு மனப்பாடம்:
பெயர் பதிந்த அட்டைக்குப் பெயருக்குரியவர் நேரில் வரவேண்டும்.
பெயரில்லா அட்டைக்கு
கையில் வைத்திருப்பவரே சொந்தக்காரர்.

இதற்குப் பெயரில்லை.
யாருக்கும் தெரியவேண்டாம் என்றுதான்
பெயர் கொடுக்காமல் வாங்கியிருப்பாள்.
அதனாலேயே இப்போது இது அவருடையது.

திரையில் எண்பது வரிகள்.
ஏறும்போது மட்டும்தான் கதவு நம்மைக் கேட்கும்.
இறங்கிய இடத்தை யாரும் கேட்பதில்லை.
கேட்கவும் வேண்டாம்,
திரும்பி ஏறும்போது நாமே சொல்லிவிடுகிறோம்.
காலை 8:20, இசானி.
மாலை 6:05, ருஸ்தவேலி.
செவ்வாய் மட்டும்
இரவு 8:15, தெலிசி.
ஏழு செவ்வாய்.

அந்தப் பக்கம் மருத்துவமனைகள் உண்டு.
நீச்சல்குளம் உண்டு. ஜெர்மன் வகுப்பு.
யாரோ ஒருவனுடைய ஐந்தாம் மாடியும் இருக்கலாம்.
எல்லாவற்றுக்கும் ஒரே பீப்.
இயந்திரம் புள்ளி மட்டும் வைக்கும்;
கோடு இவர் இழுத்துக்கொள்வார்,
வீடு போய்ச் சேர்வதற்குள்.

"அச்சுப்பொறியில் தாள் இல்லை," என்றேன்.
என் முழங்காலருகே
பிரிக்காத தாள்கட்டு.
"போனில் படம் எடுத்துக்கொள்கிறேனே?"
திரையைத் திருப்ப எனக்கு அனுமதி இல்லை.
"வசந்தத்தில் அவள் போனுக்குப் பூட்டு மாற்றிவிட்டாள்,"
இதை என்னிடம் சொல்லவில்லை, குடையிடம் சொன்னார்.
ஒரு நொடி இரக்கம் வந்தது.
அதை நான் நம்பவில்லை.
அடுத்த டோக்கனை அழைத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் நல்லவள்.

அச்சடிக்காத காகிதம்
எனக்குள் அச்சாகிவிட்டிருந்தது.
வெங்காயம் நறுக்கும்போது தெலிசி.
பல் துலக்கும்போது 8:15.
ஒரு ரகசியத்தைப் பூட்டி வைத்தவளுக்கு
சாவியும் தன்னிடமே இருப்பது
இத்தனை நமைச்சல் என்று தெரியாது.

அடுத்த செவ்வாய்
வீட்டுக்கு எதிர்த்திசை ரயிலில் ஏறினேன்.
தெலிசி வாசலில்
சூரியகாந்தி விதை விற்பவள் பக்கத்தில் நின்றேன்.
நிற்கக் காரணம் வேண்டுமே,
ஒரு காகிதக் கூம்பு வாங்கினேன்.

8:12.
8:14.
வந்தார்கள்.
ஈரத் தலைமுடியோடு ஒருத்தி,
மாத்திரை உறையோடு ஒருத்தி,
ஒருத்தி தனக்குள் சிரித்துக்கொண்டு,
இன்னொருத்தி அழுது முடித்து
கண்ணாடியைத் துடைத்தபடி.
பீப். பீப். பீப்.
அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது பதினாறு இலக்கம்.
நெற்றியில் எழுதியிருக்குமா என்ன?
இவர்களில் ஒருத்தி.
அல்லது இன்று வரவில்லை.
அல்லது வேறு அட்டை வாங்கிவிட்டாள்.
வாங்கியிருக்கட்டும்.

விதையில் உப்பு அதிகம்.
துப்பவும் இடமில்லை.

பிறகு என் அட்டையை வைத்தேன்.
ஒன்பது வருடமாக அது
வர்கெதிலி, சம்கோரி தவிர
வேறொரு சொல் சொன்னதில்லை.
இனி சொல்லும்:
செவ்வாய், தெலிசி, 8:31.
இரண்டாம் சாளரத்து எதெரி
என்றாவது பொழுதுபோகாமல் திறந்து பார்த்தால்
என்ன கோடு இழுப்பாள்?

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றார் நுக்ஸார்.
"ரயில் சுரங்கத்தில் நின்றுவிட்டது."
நம்பினார்.
என் மேலங்கியை வாங்கி ஆணியில் மாட்டினார்.
பையில் விதைகள் சலசலத்தன.
அட்டையும் அதே பையில்தான்.