பல் தயார்

சாயங்காலம் ஏழு மணி.
காற்று மனம் வைத்தால்
முன்பின் பார்த்திராத சனங்கள்
ரேடியோ வழியாக எங்கள் அடுப்படிக்கு வருவார்கள்.

"லாஸ் சவுசெஸ் பண்ணை, ஒஸ்வால்தோ கவனிக்க:
லாரி வியாழன் வரும், பாலத்தருகே நிற்கவும்."
"செர்ரோ பாயோ, திருமதி இர்மா கவனிக்க:
பெண் குழந்தை. மூன்று கிலோ நானூறு."
"பாம்பா ஆல்தா, தோன் பெர்மின் கவனிக்க:
உங்கள் பல் தயார்.
வந்து வாங்கிக்கொள்ளவும்."

தொலைபேசி எட்டாத படகோனியாவில்
அரைமணி நேரம்
எல்லார் கடிதமும் எல்லார் காதிலும்.

நெலிதாவுக்குப் பதினொன்று, எனக்கு எட்டு.
ஏரியலை வேலிக்கம்பியோடு முறுக்கி
என்னைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வாள்.
விட்டால் இரைச்சல். பிடித்தால் ஊர்.

பெர்மின் பல்லை வாங்கப் போகவேயில்லை.
மறுவாரமும் சொன்னார்கள். அதற்கு மறுவாரமும்.
பனி விழுந்து பாதை மூடிய பிறகும்,
"தோன் பெர்மின், பல் இங்கேயேதான் இருக்கிறது."
கடிக்க ஆசைப்பட்டவளுக்கு வேறிடத்தில் கல்யாணமாம்,
இது அக்கா கட்டிய கதை.
பல் வந்தால் சிரிக்க வேண்டிவரும், அதற்குப் பயம்,
இது என்னுடையது.
விளக்கணைத்த பிறகு யாராவது ஒருவர்
"பல் தயார்" என்றால் போதும்,
போர்வை குலுங்கும், அப்பாவின் செருப்பு பறந்து வரும்.

கொமொதோரோவுக்கு, எண்ணெய்க் கிணற்றுக்காரனுக்கு
வாழ்க்கைப்பட்டுப் போனாள்.
"எல் மோல்லே, எவாரிஸ்தோ கவனிக்க:
காலுறை அனுப்பியிருக்கிறேன், ஈரத்தோடு தூங்காதே."
அந்த வருடம் சந்தையில் பார்த்தவனெல்லாம்
முதலில் என் காலைத்தான் பார்த்தான்.

அப்பா போனார். ஆடு பிரித்தோம்.
நானூற்றுப் பன்னிரண்டு, ஆளுக்குப் பாதி.
ஒரே ஒரு கிடாவில் வந்தது வினை.
சொல்லக்கூடாததைச் சொன்னவன் நான்.
அவள் போனபோது கதவைச் சாத்தவில்லை,
காற்றுதான் சாத்தியது.

மூன்று குளிர்காலம்.
ஏழு மணிக்கு மட்டும் ரேடியோவைத் திருகுவேன்,
பேட்டரி உயிரோடு இருக்கிறதா பார்க்க,
நாயிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று
கம்பளி விலைக்கும் ஒரு சாவுச் செய்திக்கும் நடுவே
புதிதாய் வந்திருக்கும் பெண், சிரிப்பே இல்லாமல்:
"எல் மோல்லே, எவாரிஸ்தோ கவனிக்க:
உங்கள் பல் தயார்.
வந்து வாங்கிக்கொள்ளவும்.
அனுப்பியவர் பெயர் இல்லை."

கடைவாயில் ஒன்று தவிர
எல்லாப் பல்லும் என்னிடம்தான் இருக்கின்றன.

விடியுமுன் டயருக்குக் காற்றடித்தேன்.
முன்னூற்றெண்பது கிலோமீட்டர்.
வண்டிக்குப் பின்னால் அந்தக் கிடாவை ஏற்றிக் கட்டியாயிற்று.
கிழடாகிவிட்டது.
வாயைப் பிளந்து பார்த்தேன்,
ஒரு பல் இல்லை.