பதினோரு செடி

ஏழு படி.
ஒவ்வொன்றும் ஆறு அங்குலம் என்கிறது நாடா.
மழைக்காலத்தில் ஒன்பது என்கிறாள் இந்திராவதி.
பிள்ளைக்காம்பராவில் இருபத்திரண்டு வருடம்
ஏறி இறங்கிய முழங்கால் அவளுடையது.
அதையும் குறித்துக்கொண்டேன்.

நான் வந்தது புதுக் கட்டடத்துக்குப் படம் கீற.
கொழும்பில் தந்த மாதிரிப் படத்தில்
நிலம் தட்டையாக இருந்தது.
மஸ்கெலியாவில் தட்டையாகக் கிடப்பது
நீர்த்தேக்கம் மட்டும்தான்.

படிக்குக் கீழே டிலுக்சன்.
நாலரை வயது.
உரச்சாக்கு மடித்துப் போட்ட பிளாஸ்டிக் கதிரை.
கால்கள் அவன் சொல் கேட்பதில்லை,
வாய் நன்றாகவே கேட்கும்:
"மாமி, அத விட்டா தானா உள்ள ஓடுமா?"
நாடாவை விட்டேன். ஓடியது.
இன்னொரு தரம் என்றான்.
இன்னொரு தரம்.

பெரட்டுக்கு முன் அவனைத் தூக்கி
ஏழு படி ஏறுவாள் கோமளேஸ்வரி.
சில நாள் அவள் முதுகு கீழேயே நின்றுவிடும்,
கதிரையும் கூட.
சில நாள் அவன் லயத்தில், பூட்டிய கதவுக்குள்.
இதை அவள் சொல்லவில்லை.
கதவின் உட்பக்கம், கதிரை உயரத்தில்,
நகம் சுரண்டிய பெயின்ட் சொன்னது.

ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம்,
சாய்தளத்துக்கு அதுதான் கணக்கு.
நாற்பத்திரண்டு அங்குலம், நாற்பத்திரண்டு அடி.
வாசலிலிருந்து கான் வரைக்கும் இருப்பதோ பத்தொன்பது.
ஆகவே மலைப்பாதை மாதிரியே அதுவும் நடக்கட்டும் என்று
பதினான்கு அடி போய்த் திரும்பினேன்,
பதினான்கு அடி வந்து திரும்பினேன்.
மூன்றாவது பதினான்கு
தேயிலைக்குள் நுழைந்தது.

"பதினோரு செடி" என்றார் சின்னத்துரை.
கோபமில்லை, கணக்குக் குரல்.
"தூக்கிவிட ஓர் ஆள் போட்டால் போதாதா?"

பால்மாவைக் கரைத்துக்கொண்டே இந்திராவதி கேட்டாள்:
"ஆள் லீவு போட்டா, தொர?"

பிறகு அவள் பக்கம் பக்கமாகச் சொன்னாள்,
நான் பென்சிலைச் சீவிச் சீவி எழுதினேன்.
யன்னல் பிள்ளை உயரத்தில் வேண்டும்,
அம்மா எந்த மலையில் நிற்கிறாள் என்று தெரிந்தால்
பாதி அழுகை நிற்கும்.
ஆனால் வலை அடித்த யன்னல்;
குளவி கலைந்த அன்று
பதினாறு பிள்ளைகளைப் படங்குக்குள் போட்டு
மேலே தான் படுத்ததை
வேறு யாருக்கோ நடந்த மாதிரிச் சொன்னாள்.
"அப்புறம், வெளிச்சம் எம் மொகத்துல விழணும்.
ரொஷாந்தினிக்குக் காது கேக்காது,
உதட்டத்தான் படிக்கிறா.
யன்னலுக்கு முதுகக் காட்டிட்டு நின்னா
அவளுக்கு நான் வெறும் இருட்டு."

எந்த மாதிரிப் படத்திலும் இது இருக்கவில்லை.

மதியக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த கோமளேஸ்வரி
கூடையை இறக்காமலே
செடிகளுக்குள் போய் நின்றாள்.
"இது என் நிரை, தொர.
நாலு செடி பட்டுப்போச்சு, சுரண்டிப் பாருங்க.
மிச்சம் ஏழு.
படிக்கு ஒண்ணுன்னு வச்சுக்கங்க."

சின்னத்துரை சிரிக்கவில்லை.
ஒரு செடியைச் சுரண்டிப் பார்த்தார்.
பெரிய துரையிடம் கேட்க வேண்டும் என்று
பதினொன்றை வெட்டி ஏழு என்று எழுதிக்கொண்டார்.

அனுமதி இன்னும் வரவில்லை.
தரையில் கோடு போட அனுமதி தேவையில்லை.
சுண்ணாம்புத் தூள் எடுத்துப்
படியடியிலிருந்து கீறத் தொடங்கினேன்.
முடிக்குமுன் பிள்ளைகள் இறங்கி வந்து
கதிரையைக் கோட்டின் மேல் இழுத்தார்கள்.
திருப்பத்தில் டிலுக்சன் ஹார்ன் அடித்தான்.
அடுத்த திருப்பத்தில் இன்னும் பலமாக.
ரொஷாந்தினி அவன் வாயைப் பார்த்துத்தான்
கதிரையை வளைத்தாள்.

கதிரை முதல் செடியில் முட்டி நின்றது.
மலைமேல் மழை இரைந்தது.
"மாமி, ரோட்டு முடிஞ்சிருச்சு."

இல்லை என்றேன்.
இன்னும் பதினான்கு அடி இருக்கிறது.